கொம்பையாவின் எடை

ஓடைக்கரைப்பட்டியில் ஊர்க் காரியத்துக்குப் போடுகிற ஓட்டை எண்ணுகிற வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, எடைபோட்டுத்தான் பார்ப்பார்கள். சர்க்கார் தேர்தலுக்குப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டு வருவார்கள், அதை யார் எப்படி எண்ணினால் நமக்கென்ன என்று விட்டுவிடுவார்கள். ஆனால் கண்மாய் மடையை எப்போது திறப்பது, அம்மன் கொடையை எந்த மாதம் வைப்பது, செல்போன் டவருக்கு இடம் கொடுப்பதா வேண்டாமா என்று ஊர்ப் பேச்சு வந்துவிட்டால், தலைக்கு ஒரு படி மிளகாய் வத்தலை அளந்துகொண்டு வந்து, வேண்டும் என்கிறவர்கள் வேண்டும் சாக்கிலும் வேண்டாம் என்கிறவர்கள் வேண்டாம் சாக்கிலும் கொட்ட, கமிஷன் கடையில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியின் உத்திரத்தில் தொங்குகிற ஆளுயரத் தராசில் இரண்டு பக்கத்துச் சாக்குகளையும் ஏற்றிவிட்டு, தலைவர் ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்தி வைப்பார். சூடம் அணைகிறபோது எந்தத் தட்டு தாழ்ந்து நிற்கிறதோ அதுதான் முடிவு. தராசு பிடிக்கிற ஆளுக்கும் ஓட்டு உண்டு, ஆனால் கடைசி ஆளாகத்தான் போட வேண்டும், போடாமல் இருப்பதுதான் மரியாதை. அதே ஆள் பின்னால் வாயைத் திறந்து, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும் மறுநிறுவை உண்டு, ஆனால் அப்படி யாரும் சொன்னதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

பன்னிரண்டு வருசமாக அந்தத் தராசைப் பிடிப்பவள் சண்முகத்தாய். புருசன் போன பிறகு கமிஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள், இன்றைக்கு ஒரு மூட்டையைக் கண்ணால் பார்த்தே கிலோ சொல்லிவிடுவாள். காலால் ஒரு உருட்டு உருட்டினால் போதும், உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்த வத்தல், சத்தம் வராவிட்டால் எடை கூடட்டும் என்று எவனோ தண்ணீர் தெளித்திருக்கிறான். அவளிடம் ஈர மூட்டையைக் கொண்டுவந்து ஏமாற்றியவன் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. அவளுக்கு இருக்கிற ஒரே சொந்தம் தம்பி கொம்பையா. இருபத்தேழு வயது, கபடியில் பாடிப் போனால் தொட்டுவிட்டுத்தான் திரும்புவான், அறுபத்தைந்து கிலோப் பிரிவில் அவனை அடிக்க ஆளில்லை. ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் ஆட்டக்காரர்களுக்கு எடை பார்ப்பதும் கிட்டங்கி வாசலில் இருக்கிற சின்ன மிஷினில்தான், பார்க்கிறவளும் சண்முகத்தாய்தான். தம்பி ஏறி நின்றால் முள் அறுபத்து நாலில் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

அந்த வருசம் சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது. விளையாட்டுக்குப் பந்தயம் கட்டுவது இனிமேல் குற்றமா இல்லையா என்பதை அந்தந்த ஊரே ஓட்டுப் போட்டு முடிவுசெய்துகொள்ளலாம் என்றது. உத்தரவு வந்த மறுவாரமே வெள்ளைச் சட்டை போட்ட கம்பெனிக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். ஆட்டுச்சந்தைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து கட்டுவதை ஊரறியக் கட்டினால் என்ன தப்பு என்று கேட்டார், பொட்டல் மைதானத்தில் கபடிக்கு மெத்தை விரித்துத் தருகிறேன் என்றார், ஊர் டீமுக்கு மாசச் சம்பளம் என்றார். எத்திலப்பன் அண்ணாச்சி, அவர்தான் ஊர்த் தலைவர், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கொம்பையா வீட்டுக்கு வந்து அக்காவிடம் முட்டியைக் காட்டி, "எக்கா, இது இன்னும் ரெண்டு வருசந்தான் தாங்கும். அதுக்குள்ள ஒரு சம்பளம்னு வந்துட்டா நீயும் மூட்டை உருட்ட வேண்டாம்" என்றான்.

ஓட்டு அன்றைக்குச் சாக்குகளைத் தட்டில் ஏற்றும்போது சண்முகத்தாய் வழக்கம்போலக் காலால் உருட்டினாள். வேண்டாம் சாக்குகள் கலகலவென்றன. வேண்டும் சாக்குகள் வாயே திறக்கவில்லை. ஒன்றில்லை இரண்டில்லை, அத்தனை சாக்கும் ஈரம். அவளுக்கு உள்ளங்கால் கூசியது. கூட்டத்தில் யாரோ ஒருத்தர் ஈர வாடை வருதே என்று முனக, எத்திலப்பன் அண்ணாச்சி சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தட்டு தாழ்ந்திருக்கான்னுதான் பாக்கணும். எதால தாழ்ந்துச்சுன்னு கேக்குற வழக்கம் இந்த ஊர்ல கிடையாது" என்று சொல்லி வாயை அடைத்தார். சொல்ல வேண்டியவள் ஒருத்திதான், அவள் கூட்டத்தில் நின்ற தம்பியின் முட்டியைப் பார்த்தாள், சும்மா இருந்துவிட்டாள். வேண்டும் தட்டு தரையில் இடித்து நிற்கச் சூடம் அணைந்தது. ஊர் கை தட்டியது. சாக்குகளை வழக்கப்படி அம்மன் கோயில் அறையில் அடுக்கிப் பூட்டினார்கள்.

பந்தயக் கடை ஒரு வெள்ளிக்கிழமை திறந்தது. ஒருவர் கட்டினால் ஒரு மணி அடிக்கும், அது ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும். முதல் நாள் சண்முகத்தாயும் ஆசையாகப் போய், தன் காதுக் கம்மலைக் கழற்றித் தம்பி பேரில் கட்டிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டிக்கு எடை பார்க்கக் கொம்பையா மிஷினில் ஏறினான். முள் அறுபத்து நாலைக் கண்டுகொள்ளாமல் போய் எழுபத்தொன்றில் நின்றது.

அடியில் கல் கில் சிக்கியிருக்கும் என்று அவள் மிஷினைத் தூக்கித் துடைத்தாள், இருபது கிலோப் படிக்கல்லை வைத்துப் பார்த்தாள், இருபது சரியாகக் காட்டியது. என்னத்தலே தின்ன என்று கேட்டாள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று அவன் அம்மன் மேல் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே கடையில் மணி அடித்தது, முள் ஒரு கோடு நகர்ந்தது. இன்னொரு மணி, இன்னொரு கோடு. சுற்றி நின்றவர்கள் மணிக்குக் காதையும் முள்ளுக்குக் கண்ணையும் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள், பிறகு விசயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கொம்பையா பேரில் கட்டுகிற ஒவ்வொரு பந்தயமும் கொம்பையா உடம்பில்தான் ஏறுகிறது.

இப்படி ஒன்று நடந்தால் ஊர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் என்றுதானே நினைப்பீர்கள், அதெல்லாம் இல்லை. போட்டி நடத்துகிறவர்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினார்கள், அறுபத்து நாலு கிலோதான் கொம்பையா, மிச்சம் ஊரின் பாசம், பாசத்தை எடையில் சேர்க்கக் கூடாது என்று விதி எழுதி, அவனை ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு எதிரணி ஏழு பேரும் சேர்ந்து அவன் இடுப்பையும் காலையும் பிடித்தார்கள், அவன் பாட்டை விடாமல் ஏழு பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தான். ஜெயித்தான். ஜெயித்ததால் இன்னும் நிறையப் பேர் கட்டினார்கள், கட்டியதால் இன்னும் கனத்தான், கனத்ததால் மறுபடியும் ஜெயித்தான். நூறு கிலோ ஆனபோது கம்பெனிக்காரர் அவனுக்கு மாலை போட்டார், இருநூறு ஆனபோது அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். கட்டில் முறிந்தது, தரையில் படுத்தான். டவுன் பஸ்சில் கண்டக்டர் முதலில் மூணு டிக்கெட் கேட்டார், அப்புறம் டிரைவரே ஏற்றமாட்டேன் என்றுவிட்டார். அவன் நடந்துபோன கரிசல் காட்டில் சாண் ஆழத்துக்குக் கால்தடம் விழுந்தது, மழை பெய்து தண்ணீர் கட்டியதும் ஆடுகள் அதில் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போயின. சுகாதார நர்சு வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து, எல்லாம் நார்மல், ஊட்டம் நன்று என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். எங்க ஊரு ஆளு முன்னூறு கிலோ என்று டீக்கடையில் பேசிக்கொள்வதில் ஊருக்கு ஒரு கெத்து வந்துவிட்டது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பக்கத்து ஊரோடு கடைசிப் போட்டி, மெத்தை இன்னும் வரவில்லை, கிட்டங்கிக்கு எதிரே இருக்கிற அதே பழைய கரிசல் பொட்டலில்தான் ஆட்டம். கொம்பையா நடுக்கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தான், கணுக்கால் வரை மண் வாங்கியது. காலை எடுக்கப் பார்த்தான், கெண்டைக்கால் வரை போனது. மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிகிறபோது முட்டி வரைக்கும் மண்ணுக்குள் நின்றான். ஜேசிபி கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. சரி, மழையில் நிற்க வேண்டாம் என்று ஊர் கூடி அவன் தலைக்கு மேல் ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் போட்டது, முறை வைத்துச் சோறு கொண்டுவந்து கொடுத்தது. அந்த அளவுக்கு நல்ல ஊர்தான்.

மறுநாள் சண்முகத்தாய் கஞ்சித் தூக்கோடு போகும்போது பந்தயக் கடை முன்னால் வழக்கத்தை விடப் பெரிய கூட்டம். புதுப் பலகை எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொம்பையா எதுவரை இறங்குவான், தொடையா, இடுப்பா, நெஞ்சா. தூக்குச்சட்டி கையிலிருந்து நழுவிக் கஞ்சி முழுக்க ரோட்டில் ஓடியது. நேற்றுப் பந்தல் கால் நட்ட ஆட்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள், அவளைப் பார்த்ததும், வா தாயி, மழை இன்னும் வருமாமே என்று சாதாரணமாக விசாரித்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் முதலில் தன் கம்மலைத் திரும்ப வாங்கினாள். கட்டிய பந்தயம் ஒரு ஆட்டத்தோடு தீராது, கேட்டுத் திரும்ப வாங்குகிற வரை அப்படியே நிற்கும், யாரும் வாங்குவதில்லை, அவ்வளவுதான். பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினாள், கையைப் பிடித்துக் கேட்டாள், சில வீட்டில் காலையும் பிடித்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக் கோப்பம்மா மதினி, கொம்பையா பிறந்தபோது நாக்கில் சர்க்கரைத் தண்ணீரால் சேனை தொட்டு வைத்தவள், அவள்கூடச் சேலை முந்தியை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் கட்டுனது ரொம்பக் கொஞ்சம்மா. என்னோடது என்ன கனக்கவா போவுது?" என்றாள். அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள், அதற்கடுத்த வீட்டிலும். ஊர் முழுக்கக் கேட்டு முடித்துவிட்டாள், ஒருவரும் நிறையக் கட்டியிருக்கவில்லை, எல்லோரும் ரொம்பக் கொஞ்சந்தான்.

மைதானத்துக்குப் போனாள். கொம்பையா தொடை வரை இறங்கியிருந்தான். காலையில் ஏதோ ஒரு மூச்சு நல்லா வந்துச்சுக்கா என்றான், அது தன் கம்மல் என்று அவள் சொல்லவில்லை. முறை வீட்டிலிருந்து வந்த சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே ஊரைப் பற்றி ஆத்திரம் தீரப் பேசினாள், பலகையைப் பற்றிச் சொன்னாள், மனுசப் பிறவிகளா இதுகள் என்று கேட்டாள். அவன் மென்றுகொண்டே கீழே பார்த்தான்.

"நானும் கட்டியிருக்கேன்க்கா" என்றான். "இடுப்பு வரைக்கும்னு."

அவள் உருட்டிய கவளத்தைத் திரும்பச் சோற்றிலேயே போட்டாள்.

"எப்படியும் போகத்தான போறேன். அதுல நாம ஜெயிச்சதா இருக்கட்டுமேன்னுதான்."

அவள் ஊட்டிய கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் சோற்றுக் கையோடு எழுந்து நேராக எத்திலப்பன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு வேண்டும் சாக்கு அத்தனையும் ஈரம், தனக்குத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள், எனக்குச் சந்தேகம், மறுநிறுவை வேண்டும் என்று முறைப்படி கேட்டாள். அண்ணாச்சி வெற்றிலைப் பெட்டியை மூடினார். நீயா தாயி என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வழக்கம் வழக்கந்தான், வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்தார்.

நாள் குறித்த சாயங்காலமே பலகையில் இன்னொரு வரி ஏறியது. சண்முகத்தாய் சொல்வது நிசமா, பொய்யா. ஒரு மணி, இரண்டு மணி, பிறகு கோயில் கொடை மாதிரி அடிக்க ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் வீட்டுப்படி இறங்கும்போது படிக்கல் பிளந்தது. இரண்டாவது தெருவில் செருப்பு வார் அறுந்தது. பன்னிரண்டு வருசமாகப் பத்து நிமிசத்தில் நடக்கிற தூரத்தை அவள் அன்றைக்கு ஒரு மணி நேரம் நடந்தாள். தலையில் ஒன்றும் இல்லை, இடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனால் ஊரே தோளில் உட்கார்ந்திருந்தது. தம்பி இத்தனை நாளும் இதையா சுமந்தான் என்று நினைத்தபோது தெருவில் நின்று அழுதுவிட்டாள்.

கிட்டங்கி நிறைந்து வாசல் தாண்டிக் கூட்டம். அதற்கப்பால் பொட்டலில், பந்தலுக்குக் கீழே, இடுப்பு வரை மண்ணுக்குள் கொம்பையா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கோயில் அறையைத் திறந்து சாக்குகளைக் கொண்டுவந்தார்கள். இத்தனை வாரத்தில் நன்றாகக் காய்ந்திருந்தன, உருட்ட உருட்டக் கலகலவென்று சத்தம் போட்டன, கேட்டீர்களா கேட்டீர்களா என்று அவள் முகம் எல்லோரையும் பார்த்தது. இரண்டு தட்டிலும் ஏற்றினார்கள். தராசு கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் ஆடியது.

வேண்டும் தட்டுதான் தாழ்ந்தது.

முன்னைப் போலத் தரையில் போய் இடிக்கவில்லை, ஈரம் போன அளவுக்கு இளைத்துத்தான் இருந்தது, ஆனாலும் தெளிவாகத் தாழ்ந்து நின்றது, மூன்று மூட்டை, கிட்டத்தட்ட நூறு கிலோ வித்தியாசம் இருக்கும். இத்தனை நாளும் தன் மூடிய வாய்தான் தம்பியை மண்ணில் இறக்கிவிட்டது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் விளங்கியது. தண்ணீர் தெளிக்காவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும். ஊர் இதைத்தான் கேட்டிருக்கிறது, உலர்ந்த வத்தலால், தெளிந்த புத்தியோடு, ஆளுக்கொரு படியாகக் கேட்டிருக்கிறது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் தராசைப் பார்த்தார்கள், அவளைப் பார்க்க ஒருவரும் இல்லை. ஈரம் என்று சொன்னது நிசம், முடிவு மாறவில்லையே, அப்போ நிசத்துக்குக் கட்டியவன் ஜெயித்தானா பொய்க்குக் கட்டியவன் ஜெயித்தானா என்று பின்னால் ஒரு சண்டை ஆரம்பமாகியிருந்தது.

அண்ணாச்சி சூடத்தை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றாள் சண்முகத்தாய். "தராசு பிடிக்கவளுக்கும் ஓட்டு உண்டுல்லா? நான் இன்னும் போடல."

சொல்லிவிட்டு, தரை அதிர நாலு எட்டு வைத்து, வேண்டாம் தட்டின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். ஊர் அவள் பேரில் கட்டிய அத்தனையும் அவளோடு சேர்ந்து உட்கார்ந்தது. சங்கிலி கிறீச்சிட்டது, உத்திரத்திலிருந்து தூசி கொட்டியது, தட்டு தொம்மென்று தரையில் போய் விழுந்தது. கம்பெனிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இதென்ன அநியாயம், ஓட்டு வத்தலில் போடுவதா ஆளில் போடுவதா என்று கத்தினார். அண்ணாச்சி தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாசலுக்கு அப்பால் பந்தலைப் பார்த்தார்.

"தட்டு தாழ்ந்திருக்கான்னுதான் பாக்கணும்" என்றார். "எதால தாழ்ந்துச்சுன்னு கேக்குற வழக்கம் இந்த ஊர்ல கிடையாது." சூடத்தைக் கொளுத்திவிட்டார்.

கம்பெனிக்காரர் மடையர் இல்லை. அவள் எதால் கனக்கிறாள் என்று அந்த இடத்தில் முதலில் புரிந்தது அவருக்குத்தான். போனை எடுத்து, எல்லாப் பந்தயத்தையும் ரத்துப் பண்ணு, உடனே ரத்துப் பண்ணு என்றார். கடை மணி ஒரே ஒரு தடவை நீளமாக அடித்தது. சண்முகத்தாய்க்குத் தலைச்சுமையை யாரோ இறக்கி வாங்கின மாதிரி இருந்தது. பார்த்தால் தட்டு தரையை விட்டு எழும்பிக்கொண்டிருக்கிறது. அவள் சொந்த எடை நாற்பத்தேழு கிலோ, மூன்று மூட்டைக்கு அது எந்த மூலைக்கு? சாண் ஏறியது, முழம் ஏறியது, அந்தப் பக்கம் வேண்டும் தட்டு இறங்கி வந்தது. சூடம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அவள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கபடி கபடி கபடி என்று ஒரே மூச்சில், பொட்டல் பக்கமிருந்து. எல்லாப் பந்தயமும் என்று சொல்லிவிட்டாரே, எல்லாவற்றிலும் கொம்பையாவும் சேர்த்திதானே. சேறு இடுப்பு வரை அப்பியிருக்க, பந்தலைப் பிய்த்துக்கொண்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு தன் உடம்பை மட்டும் தூக்கிக்கொண்டு அவன் ஓடி வந்தான். வாசலில் ஊரே எதிரணி மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது. பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் சில கைகள் பாதி நீண்டன. கோப்பம்மா மதினி ஒரு எட்டு விலகினாள். அந்த ஒரு ஆள் இடைவெளி அவனுக்குப் போதும், பாட்டை விடாமல் உள்ளே பாய்ந்து, குனிந்து, எம்பி, தொங்கிக்கொண்டிருந்த தட்டில் அக்காவின் மேலேயே வந்து விழுந்தான். தட்டு ஒரு தடவை குலுங்கியது, யோசித்தது, இறங்கியது. தரையைத் தொட்டது. சூடம் நீலமாக ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

யாரும் கை தட்டவில்லை, யாரும் அழவும் இல்லை. எத்திலப்பன் அண்ணாச்சி, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடிவைச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொட்டலில் அவன் நின்ற பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் கட்ட ஆரம்பித்திருந்தது. கொம்பையா அக்காவின் மடியில் கிடந்து, வாயால் மூச்சு வாங்கினான், பிறகு சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் கேட்பதைக் கேட்டான்.

"எத்தனைக்கா?"

சண்முகத்தாய் அவனை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். "அறுபத்து மூணு" என்றாள். "ஒரு கிலோ மெலிஞ்சிருக்கலே." சொல்லிவிட்டு அவன் காலில் இருந்த கரிசல் மண்ணை வழித்து எறிந்தாள், தட்டு ஆடவே இல்லை.